கங்காணியின் கடையடைப்பு

மூன்றாவது தடவையாகக் கம்ப்யூட்டர், 'வேலை நேரம் முடிந்தது, வீட்டுக்குப் போங்கள்' என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டுப் பொசுக்கென்று அணைந்துபோனபோது, காலை மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

"போச்சு! மறுபடியும் படுத்துடுச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் மேஸ்திரி.

மேஸ்திரி என்றால் செங்கல், சிமெண்ட் மேஸ்திரி இல்லை. பல பேர் அவரவர் வீட்டிலிருந்து எழுதி அனுப்புகிற புரோகிராம் துண்டுகளை வாங்கி, ஒன்றோடொன்று சேர்த்து, ஓட்டை உடைசலை அடைத்து, முழுசாக ஒரு புரோகிராமாக எழுப்பி நிறுத்துகிற வேலை அவருக்கு. ஆபீஸ் பாஷையில் அதற்குப் பில்டு என்று பேர். யாரோ ஒருத்தர் விளையாட்டாக மேஸ்திரி என்று கூப்பிடப் போக, அந்தப் பேர் பசை போட்டது மாதிரி ஒட்டிக்கொண்டது.

ஆபீஸ் என்று சொல்வதும் கொஞ்சம் அதிகம்தான். ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், ஒரு காலத்தில் கார் நிறுத்தின இடம் அது. ஜன்னல் கிடையாது. போனில் சிக்னல் எட்டிப் பார்க்காது. உள்ளே வந்துவிட்டால் வெளியே பகலா இரவா என்று தெரிய, சுவரில் மாட்டியிருக்கிற டிஜிட்டல் கடிகாரத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். அங்கே தினமும் வந்து உட்காருகிறவர்கள் மூன்றே பேர். மேஸ்திரி, முதலாளி, புரோகிராமைச் சோதித்துப் பார்க்கிற டெஸ்டர் பெண்.

அவர்கள் தயாரிக்கிற சரக்குக்குக் கங்காணி என்று பேர். லினக்ஸ் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் முதலில் கண்விழிப்பது கங்காணிதான். அப்புறம் மற்ற புரோகிராம்களை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பும். நீ முன்னாடி, நீ பின்னாடி என்று வரிசையில் நிறுத்தும். ஏதாவது ஒன்று முரண்டு பிடித்து விழுந்தால் தூக்கி நிறுத்தும். கடைசியில் எல்லாவற்றையும் தூங்கப் பண்ணிவிட்டுத் தானும் படுக்கும். அந்தக் கங்காணியின் புதுப் பதிப்பு இன்றைக்கு வெளியே போக வேண்டும்.

புதுப் பதிப்பில் வசதிகள் ஒன்றா இரண்டா! முன்னைவிடச் சுருக்காக எழுந்திருக்கும். மெஷின்கள் எத்தனை இருந்தாலும் ஒரே கடிகாரத்தைப் பார்க்க வைக்கும். இதெல்லாம் சாதாரணம். முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது 'கடையடைப்பு' என்ற வசதியைத்தான். சாயங்காலம் ஆறு மணி ஆனால் கங்காணி எல்லாப் புரோகிராமையும் மூடிவிட்டு மெஷினை அணைத்துவிடும். விடுமுறை நாளில் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

இப்படி ஒரு வசதி வேண்டும் என்று கேட்டது யாரோ ஒரு புண்ணியவான். கங்காணிக்கு இணையத்தில் ஒரு கோரிக்கைப் பக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும் புனைபெயரில் எழுதலாம். 'குடைமிளகாய்' என்ற பேரில் ஒருத்தர், 'ஆறு மணிக்கு மெஷின் தானாக அணைய வேண்டும். யார் கெஞ்சினாலும் விடக்கூடாது' என்று எழுதிப்போட, கீழே முந்நூறு பேருக்கு மேல் 'எனக்கும் வேண்டும்', 'எனக்கும் வேண்டும்' என்று கை தூக்கியிருந்தார்கள். அதற்கு முன்னால் எந்தக் கோரிக்கைக்கும் ஏழு கை தாண்டினதில்லை.

"மார்க்கெட் கேக்குது மேஸ்திரி! கரெண்ட் மிச்சம் பண்ணணும்னு உலகமே துடிக்குது!" என்று முதலாளி அன்றைக்குக் குதித்த குதி இருக்கிறதே, மேல் மாடிக்காரர்கள் இறங்கி வந்து என்ன சத்தம் என்று கேட்டார்கள்.

இப்போது அந்தக் கடையடைப்புதான் மேஸ்திரியின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா, உன் சோதனை என்ன பண்ணுது? பட்டப்பகல்ல ஆறு மணின்னு சொல்லி மெஷினை அணைக்குதே?"

டெஸ்டர் பெண் நகத்தைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "அணையுதான்னு பாக்கறதுதானே சார் சோதனை? நேரத்தை வேகமா முன்னாடி தள்ளிவிடும். ஆறு மணி ஆனதும் அணையணும். அணையுது. சோதனை பாஸ் சார்."

"சோதனை பாஸ், பில்டு அவுட்டு! பாதி கட்டும்போதே விளக்கை அணைச்சா நான் எப்படிக் கட்டறது? வேற மெஷின்ல வெச்சுச் சோதிக்க வேண்டியதுதானே?"

"வேற மெஷின் எங்க சார் இருக்கு?"

அதுவும் நியாயம்தான். இன்னொரு மெஷின் வாங்கித் தருகிறேன் என்று முதலாளி சொல்ல ஆரம்பித்தபோது இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை.

மேஸ்திரியின் அவசரம் வேறு. அவர் மனைவி ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை செய்கிறாள். வருஷா வருஷம் அவர்கள் ஆபீஸ் விழாவில் நாடகம் போடுவார்கள். போன வருஷம் அவள் வக்கீலாக நடித்தாள். மேஸ்திரி போகவில்லை, அன்றைக்குப் பில்டு. அதற்கு முந்தின வருஷம் பேயாக நடித்தாள். அன்றைக்கும் பில்டு. இந்த வருஷம் அவள்தான் கொள்ளைக்கூட்டத் தலைவன். ஒரு மாசமாகக் குளியலறையில் கரகரத்த குரலில் மிரட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். 'அசைஞ்சே, தொலைஞ்சே!' என்று உள்ளேயிருந்து குரல் வரும்போதெல்லாம் வெளியே பல் தேய்த்துக்கொண்டிருக்கிற மேஸ்திரி உண்மையாகவே ஆடாமல் அசையாமல் நிற்பார்.

இன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு நாடகம். காலையில் அட்டை மீசையைப் பையில் வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"இந்தத் தடவை போன் பண்ணி நச்சரிக்க மாட்டேங்க. முன்வரிசையில ஒரு நாற்காலி போட்டு வெப்பேன். வந்தா உக்காருங்க. வரலேன்னா, அடுத்த வருஷத்துலேருந்து அந்த நாற்காலியைப் போடச் சொல்லி யார்கிட்டயும் கேக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் மேஸ்திரியை உலுக்கிவிட்டது.

"ஆறு மணிக்கு நான் கிளம்பியே ஆகணும்" என்று டெஸ்டரிடம் சொன்னார்.

"நானும்தான் சார். எங்க வீட்டுக்காரர் ஆறு மணிக்கு ஸ்கூட்டரோட வாசல்ல வந்து நிப்பாரு."

"நேரத்தை முன்னாடிதானே தள்ளுது உன் சோதனை? அது தள்ளத் தள்ள நான் பழையபடி காலை பத்து மணிக்கே இழுத்துட்டு வந்துடறேன். எப்படி?"

"பிரமாதம் சார்!"

பிரமாதமாகத்தான் ஆரம்பித்தது. மெஷின் அணையவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. ஒவ்வொரு துண்டின் மேலும் அது எப்போது எழுதப்பட்டது என்று ஒரு நேரம் பொறித்திருக்கும். புதுசா பழசா என்று அதைப் பார்த்துத்தான் பில்டு முடிவு செய்யும். பத்து மணிக்கு நின்றுகொண்டிருக்கிற பில்டு, பதினொரு மணிக்கு எழுதின துண்டைப் பார்த்ததும் மிரண்டுவிட்டது. 'இது இன்னும் எழுதப்படவே இல்லையே' என்றது. சேர்த்ததைப் பிரித்தது, பிரித்ததை மறுபடி சேர்த்தது, அதையும் பிரித்தது.

"என்ன சார் இது, செக்குமாடு மாதிரி சுத்துது?"

"பொறு, பொறு. எல்லாத் துண்டும் பழசாத் தெரியணும், அவ்வளவுதானே? நேரத்தை நாளைக்குக் கொண்டுபோயிடறேன். நாளைக்குப் பார்த்தா இன்னிக்கு எழுதினதெல்லாம் பழசுதானே?"

சொன்ன கையோடு செய்தும் விட்டார். மெஷின் மௌனமாக இருந்தது. தட்டினார். மௌனம். அணைத்து ஆன் செய்தார். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. 'இன்று ஞாயிற்றுக்கிழமை. ஓய்வெடுங்கள்.'

"ஐயோ! நாளைக்கு லீவு நாள்!"

விடுமுறை நாளில் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்த மெஷினைச் சனிக்கிழமைக்கு இழுத்துக்கொண்டு வர, அதன் மூடியைக் கழற்றி உள்ளே ஒரு சின்ன பாட்டரியைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பாட்டரியைப் பிடுங்கினதில் மெஷின் நேரத்தை அடியோடு மறந்துபோய், அது பிறந்த வருஷத்துக்கே போய்விட்டது. சரி, அது பாட்டுக்கு அங்கேயே இருக்கட்டும் என்று மேஸ்திரி பில்டை ஓட்டினார். மற்றவர்கள் எழுதின துண்டுகளை இணையத்திலிருந்து எடுத்து வர வேண்டுமே! அங்கே வாசலிலேயே மறித்துவிட்டார்கள். 'உங்கள் அனுமதிச் சான்று இன்னும் வழங்கப்படவில்லை. சில வருஷங்கள் கழித்து வரவும்.'

டெஸ்டர் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஸ்திரி முறைத்த முறைப்பில் அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

முதலாளி தன் அறையிலிருந்து தலையை நீட்டினார். "என்ன மேஸ்திரி, ஆயிடுச்சா?"

"ஆயிட்டே இருக்கு சார்!"

"என்னைக்கு ஆகும்?"

"அதுதான் சார் பிரச்சினை. என்னைக்குங்கறதுலதான் குழப்பம்."

முதலாளிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மேஸ்திரி எழுந்து இரண்டு நடை நடந்தார். யோசித்தார். பில்டு மெஷின் ஒரு நேரத்தில், சுற்றி இருக்கிறதெல்லாம் இன்னொரு நேரத்தில் இருப்பதுதான் எல்லா வம்புக்கும் காரணம் என்று அவருக்குப் பட்டது.

"ஏம்மா, புதுப் பதிப்புல எல்லா மெஷினையும் ஒரே கடிகாரத்தைப் பாக்க வைக்கிற வசதி இருக்கில்ல? அதைப் போடு. பில்டு மெஷின் என்ன நேரம் சொல்லுதோ அதுதான் நேரம். மத்ததெல்லாம் அதைப் பாக்கட்டும்."

"எல்லாமுமா சார்?"

"எல்லாமும்தான்! இனிமே ஆளுக்கொரு நேரம் கிடையாது."

அவள் சொன்னதைச் செய்கிற பெண். எல்லாவற்றையும் சேர்த்துவிட்டாள். கங்காணி ஓடுகிற பொருள் அந்த ஆபீஸில் எதெல்லாம் உண்டோ அதெல்லாம்: சுவர்க் கடிகாரம், காப்பி மெஷின், சோதனைக்காக மூன்று பேர் போனிலும் ஏற்றி வைத்திருந்த குட்டிக் கங்காணி, முதலாளியின் கையில் கட்டியிருக்கிற கடிகாரம் உள்பட.

மேஸ்திரி பில்டு மெஷினில் சரியான நேரத்தை வைத்தார். அப்போது நண்பகல் தாண்டிக் கொஞ்ச நேரம். அதற்கப்புறம்தான் அவருக்கு அந்த அபார யோசனை வந்தது.

"சோதனை நேரத்தை முன்னாடி தள்ளுது. சரி, தள்ளட்டும். நான் கடிகாரத்தையே மெதுவா ஓட விட்டுடறேன். அது தள்ள, நான் இழுக்க, பில்டு முடியற வரைக்கும் ஆறு மணியே வராது. பின்னாடியும் போகலை, நாளைக்கும் போகலை. யாரும் கேள்வி கேக்க முடியாது!"

"சார், நீங்க எங்கேயோ இருக்க வேண்டியவர் சார்" என்றாள் டெஸ்டர்.

கடிகாரம் மெதுவாக ஓட ஆரம்பித்தது. பில்டும் ஓட ஆரம்பித்தது. மேஸ்திரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்று பேரும் கொண்டு வந்திருந்த சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். திரையில் பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே இருந்தன. நடுவில் ஒன்றிரண்டு துண்டு முரண்டு பிடித்தது. கங்காணி, 'ஒரு நிமிஷம் பொறுத்து மறுபடி எழுப்புகிறேன்' என்றது. அந்த ஒரு நிமிஷம் ஏனோ ஜவ்வு மாதிரி இழுத்தது. மேஸ்திரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காத்திருக்கிறவனுக்கு நிமிஷம் நீளமாகத்தான் தெரியும் என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

சுவரைப் பார்த்தார். மணி ஒன்றரை.

"இன்னிக்கு நேரம் போகவே மாட்டேங்குதே!" என்றார் சந்தோஷமாக.

"எனக்கென்னவோ கண்ணைச் சுத்துது சார்" என்றாள் டெஸ்டர். "இந்தக் காப்பியைக் கொஞ்சம் பாருங்களேன்."

காப்பி தார் மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் கொதிக்க வேண்டியதை மெஷின் கொதி கொதியென்று கொதிக்க வைத்துத் தந்திருந்தது. மேஸ்திரி ஒரு வாய் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"மெஷினுக்கு வயசாயிடுச்சு. புதுசு வாங்கித் தரச் சொல்லணும்."

முதலாளி வெளியே வந்தார். முகம் வாடியிருந்தது. வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, ஒரு விஷயம். சாப்ட்டு ஒரு மணி நேரம்கூட ஆகலை. மறுபடியும் பசிக்குது. சாதாரணப் பசி இல்லை, காதை அடைக்குது. சுகரா இருக்குமோ?"

"டென்ஷன் சார். ரிலீஸ் அன்னிக்கு அப்படித்தான் இருக்கும்."

"தாடியை வேற பாருங்க. காலையிலதான் வழிச்சேன். சொரசொரன்னு இருக்கு."

"அதுவும் டென்ஷன்தான் சார்."

டெஸ்டர் பெண் கொட்டாவி விட்டாள். முதலாளி விட்டார். மேஸ்திரியும் விட்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு மூன்று பேரும் இப்படித் தூங்கி வழிந்தால் கம்பெனி உருப்படுமா என்று முதலாளி வருத்தப்பட்டார். காற்றுப் போதவில்லை, ஒரு ஜன்னல் வைக்கலாம் என்று மேஸ்திரி சொன்னார். பூமிக்கு அடியில் ஜன்னல் வைத்தால் எதைப் பார்ப்பது என்று முதலாளி கேட்டார். பதில் யோசித்துக்கொண்டே மேஸ்திரி உட்கார்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டார்.

"சார்! சார்! முடிஞ்சுடுச்சு!"

டெஸ்டர் உலுக்கின உலுக்கில் திடுக்கிட்டு விழித்தார். திரை முழுக்கப் பச்சை. ஒரு சிவப்புப் புள்ளி கிடையாது. கங்காணியின் புதுப் பதிப்பு தலை நிமிர்ந்து நின்றது. முதலாளி ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரே பொத்தானை அழுத்தி உலகத்துக்கு வெளியிட்டார். அவருக்கு வாயெல்லாம் பல்.

"மேஸ்திரி, சாதிச்சுட்டீங்க! மணி என்ன? மூணுகூட ஆகலை! நம்ம கம்பெனி சரித்திரத்துலயே பகல்ல வெளியான முதல் பதிப்பு இதுதான்!"

மேஸ்திரி போனைப் பார்த்தார். அதிலும் மூன்று ஆகவில்லை. நாடகம் ஏழு மணிக்கு. நாலு மணி நேரம் கையில் இருக்கிறது! வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம். நல்ல சட்டையாக ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஒத்திகை நடக்கும்போதே போய் முன்வரிசையில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு, 'என்ன, பார்த்தியா?' என்று கேட்கலாம். அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தபோதே அவருக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருஷமாக அந்தக் காலி நாற்காலி அவர் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்கு அது தீர்ந்தது.

"நான் கிளம்பறேன் சார்!"

"கிளம்புங்க, கிளம்புங்க! நீயும் போம்மா. நான் எங்கேயாவது போய் எதையாவது சாப்பிடறேன்."

மூன்று பேரும் படியேறினார்கள். மேஸ்திரிதான் முதலில். பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு, வெயில் கண்ணைக் கூசும் என்று நெற்றிக்கு மேல் கையைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

வெளியே கும்மிருட்டு.

தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எதிர்க்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரி வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"பயங்கரமா மேகம் போட்டிருக்கு போல" என்றார்.

"மேகத்துல நட்சத்திரம் இருக்கே சார்?" என்றாள் டெஸ்டர் சன்னமாக.

வாசலில் ஒரு ஸ்கூட்டர். அதன்மேல் கையைக் கட்டிக்கொண்டு, தலை தொங்கிப்போய்த் தூங்கிக்கொண்டிருந்தார் அவளுடைய கணவர். கதவுச் சத்தம் கேட்டு விழித்துக்கொண்டார்.

"என்னங்க நீங்க, இவ்வளவு சீக்கிரமா வந்துட்டீங்க?" என்றாள் அவள்.

"சீக்கிரமா?" அவர் தன் கையைத் திருப்பி, சாவி கொடுத்து ஓட்டுகிற பழைய கடிகாரத்தைக் காட்டினார். "மணி எட்டரை. ஆறு மணியிலேருந்து நிக்கறேன். ரிலீஸ் அன்னிக்கு உள்ளே வந்தா பிச்சுப்புடுவேன்னு நீதானே சொன்னே? அதான் இங்கேயே படுத்துட்டேன்."

முதலாளி தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "அப்போ இது சுகர் இல்லை" என்றார் நிம்மதியாக.

மேஸ்திரிக்கு எதுவும் காதில் விழவில்லை. எட்டரை. நாடகம் முடிந்திருக்கும். கொள்ளைக்கூட்டத் தலைவன் மீசையைக் கழற்றியிருப்பான். நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அவருக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது: மெதுவாக ஓட விட்ட கடிகாரம், எல்லாமும்தான் என்று தன் வாயாலேயே சொன்னது, தார்க் காப்பி. வாசற்படியில் உட்கார்ந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதால் அதைக் கோபமாக மாற்றிக்கொண்டார்.

"எல்லாம் அந்தக் கடையடைப்பால வந்தது! அது இல்லேன்னா காலையிலேயே பில்டு முடிஞ்சிருக்கும். ஆறு மணிக்கு மெஷின் அணையணுமாம்! யார் கெஞ்சினாலும் விடக்கூடாதாம்! குடைமிளகாயாம் குடைமிளகாய்! எவன்யா அவன்? குடும்பம் குட்டி இருக்கறவனா அவன்? கையில மட்டும் கிடைச்சான்னா..."

"மெதுவா சார், மெதுவா" என்றார் முதலாளி. "முந்நூறு பேர் ஆதரிச்ச வசதி அது."

"அந்த முந்நூறு பேரும் நாசமாப் போகட்டும்!"

ஸ்கூட்டர்காரர் ஹெல்மெட்டைக் கையில் வைத்து உருட்டினார். மனைவியைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியின் பக்கத்தில் வந்து குனிந்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார், எங்களுக்கெல்லாம் ஒரு வாட்ஸப் குரூப் இருக்கு, அந்தக் குடைமிளகாய் உங்க வீட்டம்மாதான், கீழே கை தூக்கின முந்நூறு பேரும் என்னை மாதிரி ஒவ்வொரு கம்ப்யூட்டர் ஆபீஸ் வாசல்லயும் காத்துக்கிட்டு நிக்கறவங்கதான்."